எண்ணெயைக் குறைத்த பிறகும் கல்லீரலில் கொழுப்பு: வரவு எங்கிருந்து வருகிறது?

மண்டிக்கணக்கர்:

அனைவருக்கும் வணக்கம். விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் இருபது ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். வயது 46, உயரம் 168 செ.மீ., எடை 71 கிலோ. சென்ற மாதம் வேறொரு காரணத்துக்காக வயிற்று ஸ்கேன் எடுத்தபோது, கல்லீரலில் முதல் நிலைக் கொழுப்பு இருப்பதாக எழுதித் தந்தார்கள். ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு 238, கல்லீரல் நொதியான எஸ்.ஜி.பி.டி. 52. மது அருந்தும் பழக்கம் இல்லை.

என் குழப்பம் இதுதான். மைத்துனருக்கு மாரடைப்பு வந்த நாளிலிருந்து, அதாவது எட்டு மாதங்களாக, எங்கள் வீட்டில் வடை, பஜ்ஜி, பொரித்த மீன் எதுவும் கிடையாது. தோசைக்குக்கூட எண்ணெய் விடுவதில்லை. எங்கள் ஊர் எண்ணெய்ப் பரோட்டாவையும் மறந்துவிட்டேன். காலையில் ஆறு இட்லி, மதியம் வயிறு நிறையச் சோறு, இரவில் மீண்டும் சோறு, இடையில் மண்டியில் சர்க்கரை போட்ட தேநீர் மூன்று முறை, மாலையில் ஒரு பழச்சாறு. இவ்வளவுதான். ஸ்கேன் எடுத்த இடத்தில் "எண்ணெயைக் குறையுங்கள்" என்று அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்தார்கள். வீட்டில் இல்லாத எண்ணெயை நான் எப்படிக் குறைப்பது?

சிகிச்சையை என் மருத்துவரிடம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே நான் கேட்பது கணக்கு மட்டுமே. கல்லீரலுக்குக் கொழுப்பு எந்த வழியில் வரவாகிறது, எந்த வழியில் செலவாகிறது, இருப்பு ஏன் ஏறுகிறது?

கீழைக்காற்று:

ஒரு மண்டலம் கீழாநெல்லியை மோரில் அரைத்துக் குடியுங்கள், ஐயா. ஈரலுக்கு அதைவிட வேறு மருந்து வேண்டாம்.

நீலாம்பல்:

கீழாநெல்லி மஞ்சள் காமாலைக்கு வழிவழியாகக் கொடுக்கப்படுவது. காமாலையில் பித்த நிறமி ரத்தத்தில் தேங்குகிறது. கணக்கர் ஐயா கேட்பது கொழுப்பைப் பற்றி. இரண்டும் ஒரே உறுப்பில் நிகழ்வதால் ஒன்றாகிவிடுவதில்லை.

கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பித்தவள் என்ற முறையில் முதலில் பாதையைச் சொல்கிறேன், ஏனெனில் பலர் தவறாக எண்ணும் இடமே அதுதான். சோறு செரித்து வரும் குளுக்கோஸும், பருப்பு செரித்து வரும் அமினோ அமிலங்களும் குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்குச் செல்கின்றன. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கைக் கொண்டுவருவது அந்தச் சிரையே. எண்ணெய் அந்த வழியில் செல்வதில்லை. கல்லீரல் சுரக்கும் பித்தநீர் அதை நுண்துளிகளாக உடைக்க, கணைய நொதி அதைக் கொழுப்பு அமிலங்களாகப் பிரிக்க, குடலின் செல்கள் அவற்றை உள்வாங்கி மீண்டும் டிரைகிளிசரைடாகக் கட்டி, புரத உறை சுற்றிக் கைலோமைக்ரான் என்னும் பொட்டலங்களாக்குகின்றன. ரத்த நுண்குழாய்களுக்குள் நுழைய முடியாத அளவுக்கு இவை பெரியவை. ஆகவே நிணநீர்க் குழாய்களில் ஏறி, மார்பு வழியே மேலே சென்று, இடது தோளுக்கருகே கழுத்தடியில் உள்ள பெரிய சிரையில் கலக்கின்றன. விருந்து உண்டு இரண்டு மூன்று மணி நேரத்தில் ரத்தம் எடுத்தால் அதன் தெளிநீர் பால்போல் கலங்கியிருப்பதை ஆய்வகத்தில் பணிபுரிவோர் நன்கு அறிவார்கள். அந்தக் கலங்கல் இந்தப் பொட்டலங்களால் வருவது.

இப்படி ரத்தத்தில் சுற்றும் பொட்டலங்களிலிருந்து தசையும் கொழுப்புத் திசுவுமே பெரும்பங்கை முதலில் இறக்கிக்கொள்கின்றன. மிச்சம் மீதியோடு சுருங்கிய பொட்டலமே கடைசியில் கல்லீரலை அடைகிறது. உண்ட எண்ணெய் நேரே கல்லீரலில் போய்ப் படிகிறது என்ற எண்ணம் உடலின் அமைப்புக்கே பொருந்தாது.

மண்டிக்கணக்கர்:

நன்றி அம்மா. அப்படியானால் எண்ணெய் வரவு கல்லீரலின் கணக்கில் சிறு தொகை. பெருந்தொகை எந்தத் தலைப்பில் வருகிறது?

நீலாம்பல்:

அதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். கல்லீரலில் கொழுப்பு சேர்ந்த ஒன்பது நோயாளிகளுக்கு, திசுப் பரிசோதனைக்கு முன் சில நாட்கள், அடையாளமிட்ட மூலக்கூறுகளைக் கொடுத்து, பிறகு எடுத்த கல்லீரல் துண்டில் எந்த அடையாளம் எவ்வளவு இருக்கிறது என்று மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டு 2005-இல் வெளியிட்டார்கள். கல்லீரலில் இருந்த டிரைகிளிசரைடில் 59 சதவீதம் உடலின் கொழுப்புத் திசுவிலிருந்து ரத்தத்தில் விடுபட்டு வந்த கொழுப்பு அமிலங்கள். 26 சதவீதம் கல்லீரலே மாவுச்சத்திலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் புதிதாகத் தயாரித்தது. உணவுக் கொழுப்பிலிருந்து வந்தது 15 சதவீதம்.

ஐயந்தெளியான்:

இரண்டு மறுப்புகள். முதலாவதாக, கொழுப்புத் திசுவில் இருப்பது வானத்திலிருந்து விழுந்ததா? முன்பு உண்ட எண்ணெய்தானே அங்கே சேர்ந்து, இப்போது கல்லீரலுக்கு வருகிறது? கணக்கர் எட்டு மாதமாக எண்ணெய் உண்ணவில்லை என்றால், அதற்கு முந்தைய நாற்பத்தைந்து ஆண்டுகளும் உண்ணவில்லையா? இரண்டாவதாக, உடல்நலமுள்ள மெலிந்த மனிதரின் கல்லீரல் மாவுச்சத்திலிருந்து தயாரிக்கும் கொழுப்பு மிகச் சிறிய அளவே என்று பாடநூல்களிலேயே உள்ளது. ஒன்பது பேரை வைத்துக்கொண்டு சோற்றின் மீது பழி போடுவது நியாயமாகத் தோன்றவில்லை.

நீலாம்பல்:

முதல் மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. திசுவில் கிடக்கும் கொழுப்பில் பெரும்பகுதி என்றோ உண்ட கொழுப்பே. ஆனால் அது ஏன் இப்போது, உண்டு முடித்த வேளையிலும், கதவைத் திறந்துகொண்டு வெளியே வருகிறது என்பதே நோயின் கேள்வி. இயல்பான உடலில் உண்டவுடன் இன்சுலின் உயர்ந்து, கொழுப்புத் திசுவைப் பார்த்து "இப்போது எதையும் வெளியே விடாதே" என்று தடுக்கிறது. உண்ணாத இடைவெளியில் இன்சுலின் தாழ, திசு கொழுப்பு அமிலங்களை விடுவிக்கிறது. அவை ஆல்புமின் என்ற புரதத்தின் மீதேறிக் கல்லீரலுக்கும் தசைக்கும் செல்கின்றன. இன்சுலினுக்குத் திசு பணியாதபோது விடுவிப்பு நிற்பதே இல்லை. ரத்தத்தில் மிதந்து வருவதில் தனக்கு எட்டிய பங்கைக் கல்லீரல் எடுத்துக்கொண்டே இருக்கும். மறுப்புத் தெரிவிக்கும் உரிமை அதற்கு இல்லை.

இரண்டாவது மறுப்பு மெலிந்த, நலமுள்ளவரைப் பொறுத்தவரை முற்றிலும் சரி. அவரது கல்லீரல், வரும் குளுக்கோஸை முதலில் கிளைகோஜன் என்ற சேமிப்பு மாவுச்சத்தாக அடுக்கிவைக்கிறது; மீதியைத் தசைக்கு விட்டுவிடுகிறது. ஆனால் கிளைகோஜன் கிடங்கு மிகச் சிறியது, நூறு கிராம் அளவு. அது எப்போதும் நிரம்பியே இருக்கும் மனிதரிடம், இன்சுலினும் எப்போதும் உயர்ந்தே இருக்கும் நிலையில், கல்லீரலின் கொழுப்புத் தயாரிப்புப் பட்டறை ஓயாமல் இயங்குகிறது. அந்த 26 சதவீதம் அத்தகையோரிடம் காணப்பட்ட அளவு. இன்சுலினுக்கு உடல் பணியாத இந்த நிலையை இன்சுலின் எதிர்ப்பு என்பார்கள். அதன் விசித்திரம் இதுவே: குளுக்கோஸ் தயாரிப்பை நிறுத்து என்ற கட்டளைக்குக் கல்லீரல் செவிசாய்ப்பதில்லை, கொழுப்பைத் தயாரி என்ற கட்டளையை மட்டும் தவறாமல் நிறைவேற்றுகிறது.

திணைமாலை:

மாவிலிருந்து கொழுப்பா என்று ஐயுறுவோர் பிரெஞ்சு நாட்டு வாத்துப் பண்ணையைப் பார்க்கலாம். ஃபோய் கிரா என்று விலை உயர்ந்த உணவாக விற்கப்படும் கொழுத்த ஈரல், வாத்துக்கு எண்ணெய் புகட்டி உண்டாக்கப்படுவதில்லை. சில வாரங்கள் மக்காச்சோளத்தை வலிந்து ஊட்டுகிறார்கள். மாவுச்சத்து மிகுந்த அந்தத் தானியத்தாலேயே ஈரல் பல மடங்கு பருத்து, வெண்ணெய்போல் ஆகிவிடுகிறது. பறவைக்கு வலசை போகும் முன் ஈரலில் கொழுப்பைச் சேர்த்துவைக்கும் இயல்பு உண்டு. மனிதர் அதைத் தம் நாவுக்காகப் பயன்படுத்திக்கொண்டார்கள். பழைய எகிப்தின் சக்காராக் கல்லறைச் சிற்பங்களிலேயே பறவைகளுக்கு வலிந்து ஊட்டும் காட்சி இருக்கிறது. உரோமானியர்கள் அத்திப்பழம் ஊட்டினார்கள். "அத்தி ஊட்டிய ஈரல்" என்ற லத்தீன் தொடரில் ஈரல் என்ற சொல் உதிர்ந்து, அத்தி என்ற சொல்லே எஞ்சி, அதுவே இன்று பிரெஞ்சில் ஈரலின் பெயராக வழங்குகிறது. இனிப்பால் ஈரல் கொழுக்கும் என்ற செய்தி ஒரு மொழியின் சொல்லுக்குள்ளேயே படிந்து கிடப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

மண்டிக்கணக்கர்:

அந்த வாத்தை நினைத்துக்கொண்டே இன்று காலை ஆறாவது இட்லியை எடுக்காமல் விட்டேன்.

நீலாம்பல்:

பட்டறை எப்படி இயங்குகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குளுக்கோஸ் உடைந்து அசிட்டைல் கோ-ஏ என்ற இரண்டு கார்பன் துண்டாகிறது. அதிலிருந்து மலோனைல் கோ-ஏ உண்டாகிறது. அதைக் கொண்டு கொழுப்பு அமிலச் சங்கிலி இரண்டிரண்டு கார்பனாக நீண்டு, பதினாறு கார்பன் கொண்ட பால்மிட்டிக் அமிலமாக முடிகிறது. மலோனைல் கோ-ஏ இடைநிலைப் பொருளாக மட்டும் நின்றுவிடுவதில்லை, காவலாளியாகவும் இருக்கிறது. கொழுப்பு அமிலங்கள் எரிக்கப்படும் அடுப்பு மைட்டோகாண்ட்ரியா. அதன் வாயிலில் கார்னிட்டைன் என்ற பொருளின் துணையோடுதான் அவை உள்ளே நுழைய முடியும். மலோனைல் கோ-ஏ அந்த வாயிலை அடைத்துவிடுகிறது. டல்லஸில் மெக்காரியும் ஃபாஸ்டரும் 1970களில் இதைக் கண்டறிந்தபோது, கல்லீரல் ஒரே நேரத்தில் கொழுப்பைக் கட்டிக்கொண்டும் எரித்துக்கொண்டும் ஏன் வீணாக உழல்வதில்லை என்ற நெடுநாள் கேள்விக்கு விடை கிடைத்தது.

இதைக் கணக்கர் ஐயாவின் நாளோடு பொருத்திப் பாருங்கள். காலை இட்லி, பதினொரு மணித் தேநீர், சோறு, நான்கு மணித் தேநீர், பழச்சாறு, சோறு. கட்டும் பணி ஓய்ந்து எரிக்கும் வாயில் திறக்கும் நேரம் அந்த நாளில் எங்கே இருக்கிறது? இரவு உறக்கத்தில் மட்டும். அந்த வாயில் நன்கு திறந்தால் கல்லீரல் கொழுப்பு அமிலங்களை எரித்து, மீதியைக் கீட்டோன்கள் என்ற எரிபொருளாக்கி மூளைக்கும் தசைக்கும் அனுப்புகிறது. தான் தயாரித்த கீட்டோனைப் பயன்படுத்தும் நொதி கல்லீரலிடம் இல்லை.

பழச்சாற்றைத் தனியே சொல்ல வேண்டும். நாம் போடும் சர்க்கரையில் சரிபாதி, பழங்களிலும் உள்ள ஃபிரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை. குளுக்கோஸை உடைக்கும் பாதையில், போதும் என்று நிறுத்தும் கட்டுப்பாட்டுப் படி ஒன்று உண்டு. கல்லீரலில் ஃபிரக்டோஸ் அந்தப் படிக்குக் கீழே நுழைந்துவிடுவதால் தடையின்றிப் பட்டறைக்குப் போய்ச் சேருகிறது. பழத்தை மென்று உண்பவர் ஒன்றோடு நிறுத்திக்கொள்வார்; சாற்றில் நான்கு பழம் இரண்டு நிமிடத்தில் இறங்கிவிடும்.

நாகர்கோவிலான்:

தேங்காய் எண்ணெய் நிணநீர் வழியில் செல்லாமல் போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்குச் சென்று எரிந்துவிடும் என்றும், அதனால் கல்லீரலில் கொழுப்பு உள்ளவர்கள் அதைத் தாராளமாக உண்ணலாம் என்றும் ஒரு காணொளியில் கேட்டேன். எங்கள் பக்கத்தில் அது இல்லாமல் சமையலே இல்லை. இது உண்மையானால் மகிழ்வேன்.

நீலாம்பல்:

எட்டு, பத்து கார்பன் கொண்ட குறுகிய கொழுப்பு அமிலங்கள் அப்படித்தான் செல்கின்றன. ஆனால் தேங்காய் எண்ணெயில் அவை எட்டில் ஒரு பங்கு அளவே. அதில் பாதியளவு இருப்பது பன்னிரண்டு கார்பன் லாரிக் அமிலம். அதன் பெரும்பகுதி மற்ற எண்ணெய்களைப் போலப் பொட்டலத்தில் ஏறி நிணநீர் வழியாகவே போகிறது. காணொளி சொன்னது குறுகிய அமிலங்களை மட்டும் பிரித்தெடுத்து விற்கும் எண்ணெய்க்குப் பொருந்தும். செக்கில் ஆட்டிய எண்ணெய்க்குப் பொருந்தாது.

ஐயந்தெளியான்:

இழையின் போக்கைப் பார்த்தால் எண்ணெய் குற்றமற்றது என்று தீர்ப்பு எழுதிவிடுவீர்கள் போலிருக்கிறது. ஸ்வீடனின் உப்சாலாவில் செய்து 2014-இல் வெளியிட்ட ஆய்வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இயல்பான எடையுள்ள 39 இளைஞர்களுக்கு ஏழு வாரம் வழக்கமான உணவுக்கு மேலே மஃபின் கேக் கொடுத்தார்கள். ஒரு குழுவின் கேக்கில் பாமாயில், மற்றொன்றில் சூரியகாந்தி எண்ணெய். இரு குழுவினரும் ஏறக்குறைய ஒரே அளவு எடை கூடினார்கள். ஆனால் பாமாயில் உண்டவர்களின் கல்லீரலில்தான் கொழுப்பு தெளிவாக அதிகம் ஏறியது. நியாயவிலைக் கடைப் பாமாயிலில் சமைக்கும் வீடுகள் நிறைந்த மாநிலத்தில் இதைச் சொல்லாமல் விடுவது முறையன்று.

நீலாம்பல்:

நீங்கள் சொன்னது சரி. என் முதல் பதிவின் கடைசி வரியை எவரேனும் "எண்ணெய் எவ்வளவும் உண்ணலாம்" என்று படித்திருந்தால் அதற்கு நானே பொறுப்பு. உணவிலிருந்து வரும் 15 சதவீதம் சிறு தொகையே. ஆனாலும் எந்த வகைக் கொழுப்பு என்பது அந்தத் தொகையைத் தாண்டியும் விளைவை மாற்றுகிறது.

மண்டிக்கணக்கர்:

வரவு புரிந்தது. செலவுக் கணக்கையும் சொல்லுங்கள் அம்மா. எரிப்பது ஒரு செலவு, வேறு உண்டா?

நீலாம்பல்:

உண்டு, ஏற்றுமதி. உங்கள் டிரைகிளிசரைடு 238 என்பது பெரும்பாலும் அந்த ஏற்றுமதியின் அளவுதான். கல்லீரல் தன்னிடம் சேர்ந்த டிரைகிளிசரைடை வி.எல்.டி.எல். என்ற பொட்டலங்களில் கட்டி ரத்தத்தில் அனுப்புகிறது. வழியில் சரக்கு இறங்க இறங்க அதுவே சுருங்கி, 'கெட்ட கொழுப்பு' என்று நாம் அஞ்சும் எல்.டி.எல். ஆகிறது. வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் குடலின் பொட்டலங்கள் ஏறக்குறைய இருப்பதில்லை. எஞ்சுவது கல்லீரல் அனுப்பியது. எட்டு மாதமாக எண்ணெய் உண்ணாதவருக்கு எண் உயர்ந்திருக்கிறது என்றால் அதை உண்ட எண்ணெயின் வேலை என்று கொள்ள முடியாது.

இந்தப் பொட்டலம் கட்ட இரண்டு பொருள்கள் இன்றியமையாதவை. ஒன்று அப்போ-பி என்ற பெரிய புரதம், மற்றொன்று உறைக்கு வேண்டிய பாஸ்படைடில்கோலின் (லெசித்தின் என்பதும் இதுவே; கோலின் இதன் ஒரு பகுதி). இவற்றில் ஒன்று குறைந்தாலும் வரவு கூடாமலேயே இருப்பு ஏறிவிடும். டொராண்டோவில் கணையம் நீக்கப்பட்ட நாய்களை இன்சுலின் கொடுத்து வாழவைத்தபோது அவற்றின் கல்லீரல் கொழுப்பால் நிறைந்தது. இன்சுலினைக் கண்டறிந்த குழுவில் ஒருவரான சார்லஸ் பெஸ்டும் அவருடைய சகாக்களும் லெசித்தினும், அதிலுள்ள கோலினும் அந்தக் கொழுப்பைக் கரைப்பதை 1930களின் தொடக்கத்தில் காட்டினார்கள். அதே பத்தாண்டில் இன்றைய கானாவில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், தாய்ப்பால் மறந்து மக்காச்சோளக் கஞ்சியை மட்டும் உண்ட குழந்தைகளின் வீங்கிய உடலையும் கொழுப்பேறிய ஈரலையும் பதிவுசெய்தார். அந்த நோய்க்கான குவாஷியோர்க்கர் என்ற பெயர் அவரால்தான் உலகுக்குத் தெரிந்தது. புரதம் இல்லாத உணவில் பொட்டலம் கட்டப் போதிய புரதமும் இருப்பதில்லை என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று.

ஆகவே எண்ணெயோடு முட்டையையும் மீனையும் சேர்த்து நீக்கிவிட்டுச் சோற்றை மட்டும் வைத்துக்கொள்வது, வரவைக் கூட்டி ஏற்றுமதிக்கான சாக்கைப் பறிப்பதற்கு ஒப்பாகும். கோலின் மிகுந்த உணவுகளில் முட்டையின் மஞ்சள் கரு முதன்மையானது.

திணைமாலை:

ஏற்றுமதி கூடினால் கல்லீரலுக்கு நல்லது, இதயத்துக்குக் கெட்டது என்றாகிறதே?

நீலாம்பல்:

ஆம், மரபணுவிலும் அந்த முரண் தெரிகிறது. டி.எம்.6.எஸ்.எஃப்.2 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் உள்ளவர்களுக்கு வி.எல்.டி.எல். ஏற்றுமதி குறைவு. அவர்களது ரத்த அறிக்கை அழகாக இருக்கும். கல்லீரலில் கொழுப்பு தேங்கும். 2008-இல் டல்லஸ் ஆய்வாளர்கள் கண்ட பி.என்.பி.எல்.ஏ.3 மரபணு மாற்றம் வேறு வகை. அதனால் உண்டாகும் மாறிய புரதம், கல்லீரல் செல்லுக்குள் சேர்ந்துள்ள கொழுப்புத் துளிகளின் மேற்பரப்பில் அமர்ந்து, அவற்றைக் கரைக்கும் பணியைத் தடுத்துவிடுகிறது.

அந்தத் துளிகளைப் பற்றியும் ஒரு செய்தி. டிரைகிளிசரைடு ஒப்பீட்டளவில் சாதுவான பொருள். எலிகளில் அதைக் கட்டும் கடைசி நொதியை முடக்கியபோது கல்லீரலில் கொழுப்பு குறைந்தது, அழற்சியும் தழும்பும் கூடின என்று 2007-இல் காட்டப்பட்டது. கட்டப்படாமல் அலையும் கொழுப்பு அமிலங்களே செல்லைத் தாக்குகின்றன. சேமிப்பு என்பது முதலில் கல்லீரலின் தற்காப்பு.

கீழைக்காற்று:

என் அண்ணன் மகன் ஒல்லி. ஊதினால் பறந்துவிடுவான். அவனுக்கும் இதே ஸ்கேன் முடிவு வந்திருக்கிறது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நீலாம்பல்:

மேற்கு வங்கக் கிராமப்புறத்தில் நடத்தி 2010-இல் வெளியான ஆய்வில், கல்லீரலில் கொழுப்பு இருந்தவர்களில் நான்கில் மூன்று பேரின் உடல் நிறை எண் (உயரத்தோடு ஒப்பிட்ட எடை) 25-க்கும் கீழே. எடை மொத்தத்தில் எவ்வளவு என்பதைவிட, தோலுக்கடியில் உள்ள கொழுப்புக் கிடங்கு எவ்வளவு தாங்கும் என்பதே முக்கியம். பத்தாயம் சிறிதாக இருக்கும் வீட்டில் நெல் கூடத்தில் குவிவதுபோல, அந்தக் கிடங்கு நிரம்பியவரிடம் வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் வழிகிறது. பிறவியிலேயே கொழுப்புத் திசு இல்லாத லிப்போடிஸ்ட்ரோபி நோயாளிகள் எலும்பும் தோலுமாகத் தெரிவார்கள். அவர்களது கல்லீரலோ கொழுப்பால் பெருத்திருக்கும். உங்கள் அண்ணன் மகனின் எடையை விட்டுவிட்டு இடுப்புச் சுற்றளவை அளந்து பாருங்கள்.

மண்டிக்கணக்கர் (நான்கு மாதங்களுக்குப் பிறகு):

இழையை மீண்டும் மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். மருத்துவரைக் கலந்துகொண்டு சோற்றைப் பாதியாக்கி, பழச்சாற்றையும் தேநீரில் சர்க்கரையையும் நிறுத்தி, நாள்தோறும் ஒரு முட்டையும் சுண்டலும் சேர்த்து, மாலையில் ரயில் நிலையம் வரை நடந்து திரும்புகிறேன். வாரம் இருமுறை நல்லெண்ணெய் விட்ட தோசையும் உண்டு. எடை 66. டிரைகிளிசரைடு 149, எஸ்.ஜி.பி.டி. 29. நேற்று எடுத்த ஸ்கேனில் கல்லீரல் இயல்பாக உள்ளது என்று எழுதியிருக்கிறார்கள். கணக்கை முடித்துப் பேரேட்டை மூடிவிடலாமா?

நீலாம்பல்:

மகிழ்ச்சி, ஐயா. ஏழு சதவீத எடைக் குறைவு கல்லீரல் உணரக்கூடிய அளவு. ஆனால் பேரேட்டை மூட வேண்டாம். சாதாரண ஒலியலை ஸ்கேன், கல்லீரலில் இருபது முப்பது சதவீதம் அளவுக்குக் கொழுப்பு இருந்தால்தான் நன்றாகக் காட்டும்; ஐந்து சதவீதத்தைத் தாண்டினாலே நோய் என்று வரையறை. இரண்டுக்கும் இடைப்பட்ட இருப்பு அந்தப் படத்தில் தெரியாது. ஃபைப்ரோஸ்கேன் வசதியுள்ள இடத்தில் ஒருமுறை பார்த்தால் கொழுப்போடு கல்லீரலின் இறுக்கத்தையும் எண்ணாகத் தருவார்கள். தழும்பு இருக்கிறதா என்பதை அந்த இறுக்கத்தைக் கொண்டுதான் கணிக்கிறார்கள்.

மண்டிக்கணக்கர்:

மதுரையில் அந்த வசதி இருப்பதாகக் கேள்விப்பட்டேன். தைப்பொங்கல் கொள்முதல் முடிந்ததும் போய் வருகிறேன். எண் வந்தவுடன் இங்கேயே எழுதுகிறேன்.